கழுவி வைத்த கான்

என் மனுசனின் கண்ணுக்கு மூன்றாவது தடவையும் திகதி கிடைத்தபோது நாங்கள் ஒருவருக்கும் சொல்லவில்லை. முதல் இரண்டு தடவையும் ஊரெல்லாம் சொல்லித்தான் தவறிப்போனது என்று எனக்குள் ஓர் எண்ணம். முதல் தடவை கண்ணுக்குள் வைக்கிற வில்லை ஆஸ்பத்திரிக்கு வந்து சேரவில்லை. இரண்டாம் தடவை கடல் அடித்து எங்கள் நெடுந்தீவிலிருந்து ஒரு போட்டும் வெளிக்கிடவில்லை. மூன்றாவது தடவை தொலைபேசி எடுத்த தாதிப் பிள்ளை தெளிவாகச் சொன்னாள். காலை பத்து மணிக்கு முன் கண் வாட்டில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள். பிறகு தைப்பொங்கல் கழிந்துதான் பார்க்கலாம். அப்போது ஆடி, சோளகக் காற்று வீசுகிற காலம். தைக்கு இன்னும் ஆறு மாதம் கிடந்தது.

இவர் பயணிகள் போட் ஓட்டியவர். அக்கரைக் குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் நடுவில் எத்தனை தரம் போய் வந்திருப்பார் என்று அவருக்கே தெரியாது. இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்த பிறகு குசினிக்கும் கிணற்றடிக்கும் நடுவில் மதிலைத் தடவித்தான் நடந்தார். போன மாதம் அதே மதிலின் முருகைக்கல்லில் நெற்றியைக் கிழித்துக்கொண்டார்.

எனக்கு அதைவிட இன்னொன்று கஷ்டமாக இருந்தது. நான் வாய் திறந்து பேசுகிற ஆள் இல்லை. கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர் கேட்பார், நான் தலையாட்டுவேன். ஓம் என்றால் ஒரு ஆட்டு, இல்லை என்றால் ஒரு ஆட்டு, எனக்கு விருப்பமில்லை ஆனால் செய்யுங்கோ என்பதற்கு வேறொரு ஆட்டு. அவருக்கு எல்லாம் விளங்கும். கண் மங்கிய பிறகு, "என்ன, பதிலைக் காணேல்லை? தலையாட்டுறீரோ?" என்று கேட்பார். நான் அதற்கும் தலையாட்டிவிட்டு, பிறகு நினைவு வந்து, ஓம் என்பேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருக்கும்.

அந்த வருடம் நாட்டில் எங்கும் டீசல் இல்லை, தீவில் எப்படி இருக்கும். பயணிகள் போட் ஒரு நாள் ஓடும், மூன்று நாள் நிற்கும். எங்கள் திகதி விழுந்தது நிற்கிற நாளில். என் தம்பியிடம் சொந்தமாக ஒரு போட் இருந்தது. நடுவில் பெட்டிக்குள் டீசல் இஞ்சின் வைத்தது. அதுவும் டீசல் தாங்கி காய்ந்து ஆறு கிழமையாக இறங்குதுறையில் கட்டிக் கிடந்தது. "அக்கா, அத்தானை நான் கொண்டுபோறன். டீசலை மட்டும் சேர்ப்பம்" என்றான். உழவு மெசின் வைத்திருக்கிற ஒருவர் நாலு லீற்றர் தந்தார். மற்றதெல்லாம் தம்பி சைக்கிளில் வீடு வீடாகப் போய் ஒரு போத்தல், அரைப் போத்தல் என்று சேர்த்தது. எல்லாமாகப் பத்து லீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. போக மட்டும் காணும். திரும்பி வருவதைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

அதை ஊற்றி வைக்கத் தம்பி ஒரு பிளாஸ்ரிக் கான் கொண்டுவந்து தந்தான். தேங்காயெண்ணெய் இருந்த கான். பிசுபிசுவென்று, மணலும் ஒட்டியிருந்தது. குடிதண்ணீருக்குக் கான் தூக்கி வளர்ந்த எங்கள் ஊர்ப் பெண்ணுக்கு அப்படி ஒரு கானைக் கண்டால் கை சும்மா இராது. எங்கள் வளவுக் கிணறு சவர், வாயில் உப்புக் கரிக்கும். நல்ல தண்ணீருக்கு அரைக் கட்டை தூரம் நடக்க வேண்டும். நடக்குமுன் கானைச் சவர்த் தண்ணீரில் இரண்டு தரம் அலசிக் கவிழ்த்துவிட்டுத்தான் போவோம். நல்ல தண்ணீரில் கான் கழுவுவது பாவம். கழுவாத கானில் நல்ல தண்ணீர் பிடிப்பது வெட்கம். நான் அந்த எண்ணெய்க் கானுக்குள் சாம்பலும் சவர்க்காரமும் சின்னக் கல்லுகளும் போட்டுக் குலுக்கி, நாலு தரம் அலசி, மதிலில் கவிழ்த்து வைத்தேன். அடுத்த நாள் முழுக்க வெயிலில் காயும் என்பது என் எண்ணம். ஆனால் அன்று பொழுதுபடவே தம்பி டீசல் போத்தல்களோடு வந்து நின்றான். கானை எடுத்து உதறினேன். இரண்டு துளி விழுந்தது. அவ்வளவுதான் என்று நினைத்து ஊற்றினோம்.

அந்தக் கானின் கைபிடி உள்ளே குழல். தோளும் வளைந்தது. கவிழ்த்தால் தண்ணீர் முழுதாக வெளியே வராது. கைபிடிக்குள்ளும் தோளுக்குள்ளும் போய் நிற்கும். இது எனக்குத் தெரியாததல்ல. தண்ணீர் எடுக்கிற கான் என்றால் அதனால் ஒன்றுமில்லை, தண்ணீரோடு தண்ணீர் சேரும். டீசல் ஊற்றும்போது அது என் புத்தியில் எழும்பவில்லை.

திகதியன்று விடிய ஆறு மணிக்கு இறங்குதுறையில் நின்றோம். இவர் வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சேட்டும். ஆஸ்பத்திரிக்கென்று நான் நீலம் போட்டுத் தோய்த்தது. தம்பி அவரைக் கற்கட்டில் இருத்தி, "அத்தான், நீங்கள் அசையாமல் இருங்கோ. ஒயில் பட்டால் உங்களை வாட்டுக்குள்ள விடாயினம்" என்றான். நான் பக்கத்தில் உடுப்புப் பையோடும் தேத்தண்ணிப் போத்தலோடும் இருந்தேன். தம்பிக்குத் துணையாக அவனுடைய கூட்டாளி ஒருவன் வந்திருந்தான். ஊரில் உழவு மெசினும் தண்ணிப் பம்பும் திருத்துகிற மெக்கானிக். வேலை நன்றாகச் செய்வான், வாய்தான் மூடாது.

கானில் இருந்த முழுவதையும் தாங்கிக்குள் ஊற்றினார்கள். தம்பி திறப்பை ஓட்டையில் போட்டுத் திருப்பினான். குறுகுறுகுறு என்று இஞ்சின் சுற்றியது. சுற்றியதே தவிரப் பற்றவில்லை. விட்டுவிட்டுத் திரும்பத் திருப்பினான். அதே குறுகுறு.

"எயார் நிக்குது" என்றான் மெக்கானிக். "ஆறு கிழமை காஞ்சு கிடந்த பைப். எயாரை எடுத்தால் சரி."

பில்டருக்கு மேலே ஒரு ஆணியை இளக்கி, கைப்பம்பை அமத்தி அமத்தி, குழாய்க்குள் நின்ற காற்றை வெளியே விட்டார்கள். நுரை வந்தது, பிறகு நின்றது. ஆணியை இறுக்கிவிட்டுத் திரும்பவும் திறப்பு. குறுகுறுகுறு.

இவர் இருந்த இடத்திலிருந்து காதைச் சரித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். முழங்காலில் அவர் விரல் தாளம் போட்டது.

"சுத்து நல்லாக் கிடக்கு. பற்றறியில பிழை இல்லை. புகை வருதோ?"

"கறுப்புப் புகை ஒண்டும் இல்லை அத்தான். வெள்ளையா ஆவி மாதிரிக் கொஞ்சம் வருது."

"அப்ப என்னவோ உள்ளுக்குப் போகுது, பத்துதில்லை. நிப்பாட்டுற கம்பி இழுபட்டு நிக்குதோ பாரும்."

பார்த்தார்கள். இஞ்சினை நிறுத்துகிற அந்தக் கம்பி சரியாகத்தான் இருந்தது.

"டீசலை ஒருக்காப் பாத்தியளோ?" என்று இவர் கேட்டார்.

மெக்கானிக் சிரித்தான். "அண்ணை, அது அக்கா வைச்ச டீசல். அக்கா வீட்டு முத்தத்தில ஒரு சருகு கிடந்து நான் காணேல்லை. எங்கட வீட்டுச் சோத்துப் பானையை விட அந்தக் கான் சுத்தம். அதில என்ன இருக்கப்போகுது?"

"சரி, சரி" என்றார் இவர்.

எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோசமாகத்தான் இருந்தது. மறைக்கவில்லை. என்னைப் பற்றி ஆண்கள் நாலு பேர் நிற்கிற இடத்தில் நல்லதாக ஒரு சொல் விழுவது குறைவு.

"இந்தாங்கோ அக்கா, உங்கட கான்" என்று மெக்கானிக் வெறும் கானைக் கற்கட்டில் தூக்கி வைத்தான். கையில் எடுத்தேன். பழக்கம்தான், வெறும் கானை எடுத்தால் கவிழ்த்து உதறுவது. உதறியதும் கைபிடிக்குள் ஏதோ உருண்டது. கல்லில் டீசல் பட்டுப் பளபளவென்று பரவியது. அதன் நடுவில் இரண்டு துளி, பரவாமல், சேம்பிலையில் நிற்கிற தண்ணீர் போல உருண்டையாக நின்றது.

விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். டீசல் கைப்புக்கு அடியில் சவர். எங்கள் கிணற்றுச் சவர். ஒவ்வொரு வளவுக் கிணற்றுக்கும் ஒவ்வொரு சவர் இருக்கிறது. எங்களுடையதை எனக்கு நித்திரையிலும் தெரியும்.

மண்ணெண்ணெய் விளக்கில் தண்ணீர் கலந்தால் திரி சடசடவென்று துப்பும், பிறகு அணையும். சின்ன விளக்குக்கே அப்படி. தாங்கியின் அடியில் முதலில் போய் உட்காருவது தண்ணீர்தான், காய்ந்து கிடந்த பைப்புக்குள் முதலில் இறங்குவதும் அதுதான். இவர் சொன்ன அந்த உள்ளே போகிற என்னவோ எங்கள் கிணறு.

அப்போது நேரம் ஏழு ஆக இன்னும் பத்து நிமிடம். தம்பி தொலைபேசியைப் பார்த்து உரக்கச் சொன்னதால் எனக்குத் தெரியும்.

இவர் பக்கம் சரிந்து, மெல்ல, "தண்ணி" என்றேன். காற்று அள்ளிக்கொண்டு போய்விட்டது.

"என்ன?" என்றார் இவர், பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று தெரியாமல் சத்தமாக. "என்ன சொல்லுறீர்?"

போட்டில் நின்ற இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். இறங்குதுறையில் காற்று வாங்க வந்து நின்ற ஒருவரும் திரும்பினார். எல்லாருடைய கண்ணும் என் வாயில்.

"தேத்தண்ணி வேணுமோ எண்டு கேட்டனான்."

"ஓம் அக்கா, எங்களுக்கும் ஊத்துங்கோ" என்றான் மெக்கானிக். "அக்காட கையால குடிச்சாலாவது உவன் இஞ்சினுக்கு ரோசம் வருதோ பாப்பம்."

ஊற்றினேன். மூடியில் ஒருவருக்கு, குவளையில் ஒருவருக்கு. அவர்கள் பனங்கட்டியைக் கடித்து ஆறுதலாகக் குடித்தார்கள். நான் போத்தல் மூடியைத் திரும்ப வாங்கித் துடைத்தேன். துடைத்ததையே திரும்பத் துடைத்தேன். இப்போது சொல்லலாம், அவர்கள் குடித்து முடித்ததும் சொல்லலாம், ஆணியை இறுக்கியதும் சொல்லலாம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள் நான். அங்கேயும் இப்படித்தான். விடை தெரியும். கை மடியிலேயே கிடக்கும். வேறொரு பிள்ளை பிழையாகச் சொல்லி அடி வாங்கும்போது என் உள்ளங்கை எரியும்.

பிறகு இஞ்சினின் தலைக்குப் போகிற மெல்லிய குழாய்களின் நட்டுகளை இளக்கினார்கள். சுற்றும்போது அதில் துளி துளியாக வந்தது. "வருது, வருது" என்றான் தம்பி. வந்தது எது என்று அவன் பார்க்கவில்லை. கறுத்த ஒயில் கையில் எல்லாம் ஒரே நிறம். இறுக்கினார்கள். திறப்பு. குறுகுறுகுறு. இந்தத் தடவை சுற்றின் சத்தம் கொஞ்சம் தாழ்ந்திருந்தது.

"விடு, விடு, பற்றறியைக் கொல்லாதை" என்றார் இவர்.

நான் எழும்பினேன். இருந்தேன். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினேன், எடுத்தேன். கற்கட்டின் ஓரம் வரை நடந்து போனேன். போட்டுக்குள் இறங்கக் கல்லில் மூன்று படி. முதல் படியில் கால் வைத்தேன். மெக்கானிக் தம்பியிடம், "நேற்றுப் பின்னேரமே ஒருக்கா ஸ்ராட் பண்ணிப் பாத்திருக்கலாமெல்லோ, மடையா?" என்றான். தம்பி, "டீசலை வீணாக்கச் சொல்லுறியோ? போத்தல் போத்தலாச் சேத்து எங்கட அக்கா காத்து வைச்சது" என்றான். காலை எடுத்துவிட்டேன்.

கடல் பக்கம் பார்த்தால் காற்று வெள்ளைப் புரி புரியாக எழும்பத் தொடங்கியிருந்தது. நேரம் போகப் போக அது கூடும். குறிகட்டுவான் இறங்குதுறையில் ஒரு ஓட்டோ எட்டரையிலிருந்து எங்களுக்காக நிற்கும், அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு இன்னும் ஒரு மணி நேர ஓட்டம். அவனுக்கும் பெற்றோல் கிடைத்தது பெரிய பாடு. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே போய்த் திரும்ப இவர் பக்கத்தில் இருந்தேன். கானை என் சேலைக்குள் மறைத்து வைத்திருந்தேன் என்று பிறகுதான் கவனித்தேன். ஐந்து கிலோ அரிசி களவெடுத்தவள் மாதிரி.

ஏழு முப்பத்தைந்துக்குத் தம்பி திறப்பிலிருந்து கையை எடுத்தான். இவர்தான் பேசினார்.

"விடுங்கோடாப்பா. வெய்யிலுக்குள்ள நிண்டு சாகாமல் வீட்டை போவம். தைக்குப் பிறகு பாப்பம். இவ்வளவு நாள் இருந்தனான், இன்னும் ஆறு மாசத்தில எனக்கென்ன, கடல் வத்தப்போகுதோ?"

அப்படிச் சிரித்துச் சொல்லிவிட்டு எழும்பி, காலால் செருப்பைத் தேடினார். ஒரு காலில் தன்னுடையது. மற்றக் காலுக்கு அகப்பட்டது என்னுடையது. அது பாதிக் காலுக்குத்தான் போனது. அவர் அதைத் தன் செருப்பென்று நினைத்து, குதியை உள்ளே தள்ளித் தள்ளிப் பார்த்தார். தள்ளும்போது முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது.

நான் படியிறங்கினேன். மூன்று படியும் இறங்கி, போட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"தம்பி, டீசலுக்குள்ள தண்ணி."

"என்னக்கா?"

"கான் கழுவினனான். காயேல்லை. கைபிடிக்குள்ள தண்ணி நிண்டிட்டுது."

மெக்கானிக் என் கையிலிருந்த கானைப் பார்த்தான். "மழைத் தண்ணி கிண்ணியா இருக்கும் அக்கா. உங்கட கான் தண்ணியெண்டு எப்பிடித் தெரியும்?"

"நக்கிப் பாத்தனான். எங்கட கிணறு."

அவன் இஞ்சின் பெட்டியில் கையால் தட்டி, "கேட்டியேடா மச்சான்? சுத்தக்காரி விட்ட பிழை. பாவம் உவன், விடியத்தொடக்கம் சவர்த் தண்ணியைக் குடிச்சுக்கொண்டு எங்களிட்டைப் பேச்சும் வாங்கினவன்" என்றான்.

தம்பி சிரிக்கவில்லை. "எப்ப தெரியும் உனக்கு?" என்று கேட்டான்.

"இப்பதான்" என்றேன்.

அதற்குப் பிறகு வேலை விறுவிறுவென்று நடந்தது. இவர், "என்னை இறக்குங்கோ" என்று கையை நீட்டினார். வேட்டி, வாட்டு ஒன்றும் பார்க்கவில்லை. தம்பி கை பிடித்து இஞ்சினுக்குப் பக்கத்தில் இருத்தினான். தாங்கியின் அடி ஆணியைக் கழற்றி முதலில் வந்ததைத் தேத்தண்ணிக் குவளையில் பிடித்தார்கள். அடியில் தெளிந்த தண்ணீர், மேலே டீசல், நடுவில் கோடு போட்டது மாதிரி. பில்டர்க் கிண்ணம் முழுக்கத் தண்ணீர். கழற்றி ஊற்றித் துடைத்தார்கள். பிறகு ஒவ்வொரு இடமாக ஆணியை இளக்கிப் பம்பு அடிக்க அடிக்க, வருகிறதை இவர் விரலில் விடச் சொன்னார். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார்.

"வழுக்கேல்லை. தண்ணிதான். இன்னும் அடி."

"இப்ப அத்தான்?"

"பாதிக்குப் பாதி. அடி, அடி."

கொஞ்ச நேரத்துக்குப் பிறகு தேய்த்த விரலை மூக்கில் வைத்தார். "இது டீசல். இறுக்கு. மற்ற நட்டை இளக்கு."

கண் தெரிந்த அந்த இரண்டு பேரும் இவருடைய விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெள்ளை வேட்டி கறுத்துப்போனது.

கடைசித் தடவை தம்பி திறப்பைத் திருப்பும்போது பற்றறி களைத்திருந்தது. குறு… குறு… என்று இழுத்தது. ஒரு தரம் டக் என்றது. நின்றது போல இருந்தது. பிறகு டக், டக், டகடகவென்று பெட்டியே அதிரப் பிடித்துக்கொண்டது. முதலில் வெள்ளைப் புகை, பிறகு கறுப்பு, பிறகு ஒன்றுமில்லை. மெக்கானிக் கயிற்றை அவிழ்த்துத் தூக்கி எறிந்துவிட்டுக் கரையில் நின்று கத்தினான். "அக்கா, திரும்பி வரேக்கை டீசல் வாங்கினால் கழுவாமல் கொண்டுவாங்கோ."

போட் வெளிக்கிட்டபோது நேரம் எட்டு இருபது. காற்று பக்கவாட்டில் தள்ளியது. நாங்கள் இரண்டு பேரும் முன்பக்கம் கிடுகு மறைப்பின் கீழ் இருந்தோம். தம்பி பின்னால் சுக்கான் பிடித்தான், இஞ்சின் சத்தத்தில் எங்கள் பேச்சு அவனுக்குக் கேட்காது. பாதி வழிக்கு மேல் வந்த பிறகு இவர் என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"தேத்தண்ணி வேணுமோ எண்டு கேட்டீரே. அப்பவே தெரியுமோ?"

தலையாட்டினேன். அலை ஒன்று அவர் முகத்தில் அடித்தது, துடைத்துக்கொண்டார். அவருக்குத் தெரியாது, நான் பதில் சொல்லிவிட்டேன் என்று. அப்படியே விட்டிருக்கலாம். கேள்வி காற்றோடு போயிருக்கும்.

"ஓம்" என்றேன்.

"ம்" என்றார். கொஞ்சம் கழித்து, "என்னட்டையாவது கிள்ளிச் சொல்லியிருக்கலாமே" என்றார். கோபமோ, களைப்போ, அவர் முகத்தைப் பார்த்து எனக்குப் பிடிபடவில்லை. முன்பெல்லாம் பிடிபடும். கண்ணுக்குள் வெள்ளை விழுந்த பிறகு எனக்கும் அந்த முகம் பாதி மூடின மாதிரி.

வாட்டுக்குப் போய்ச் சேரும்போது பத்தரை. நான் வழி முழுக்க ஓட்டோவில் கணக்குப் பார்த்துக்கொண்டு வந்தேன். எத்தனை தரம் பார்த்தாலும் ஒரே விடைதான். ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது நான் சொல்லியிருந்தால் பத்துக்கு முன் வந்திருப்போம். நான் வாய் மூடி இருந்தது முக்கால் மணி நேரம், நாங்கள் பிந்தியது அரை மணி நேரம்.

தாதிப் பிள்ளை பெயரைப் பார்த்தாள். "வெட்டியாச்சு, ஐயா. பத்து மணியெண்டு சொன்னனான் எல்லோ."

"போட் இஞ்சின் பிள்ளை, ஸ்ராட் எடுக்கேல்லை" என்றார் இவர்.

"எல்லாரும் ஒண்டைச் சொல்லுவியள்."

"இஞ்சினில பிழை இல்லை, பிள்ளை" என்றேன். "நான் கான் கழுவினதில வந்த பிழை. அவரிலயும் பிழை இல்லை. அவரைத் திருப்பி அனுப்பிடாதை."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள், இவருடைய ஒயில் வேட்டியையும் பார்த்தாள். ஒன்றும் விளங்கியிருக்காது. "உதில இருங்கோ, பாப்பம்" என்று சுவரோரத்து மர வாங்கைக் காட்டினாள்.

இருந்தோம். மத்தியானம் ஆனது. எங்களுக்கு எதிரில், பட்டியலில் பெயர் இருந்த ஒருவர், எங்களைப் போலவே கடல் தாண்டி வந்தவர் போல, மகளோடு இருந்தார். இரண்டரை மணியளவில் அவருடைய இரத்தத்தில் சீனி கூடிவிட்டது, இன்று செய்ய ஏலாது என்று சொல்லி அனுப்பினார்கள். அவருடைய இடத்துக்கு இவரை எடுத்தார்கள். தாதிப் பிள்ளை இவருடைய பெயரைக் கூப்பிட்டபோது நான் துள்ளி எழும்பினேன். எழும்பும்போது அந்த மனிதர் கைத்தடியை மகளிடம் வாங்கி வாசலைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் தைக்குப் பிறகுதான் வருவார். என் வாயால் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, அவருடைய சீனியால்தான் கிடைத்தது.

அடுத்த நாள் காலை கண்கட்டை அவிழ்த்தார்கள். இவர் முதலில் தன் கையைப் பார்த்தார், நகத்துக்குள் இருந்த கறுப்பை. பிறகு என்னைப் பார்த்தார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"தேத்தண்ணி வேணுமோ?" என்று கேட்டேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

"இது தேத்தண்ணியோ," என்றார் இவர், "இல்லை, உள்ளுக்கு வேறை ஏதும் கிடக்கோ?"

இல்லையென்று தலையாட்டினேன். அது அவருக்குத் தெரிந்தது.

இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் தம்பி முடிய விடுவதில்லை. இறங்குதுறையில் எந்தப் போட் சுற்றிப் பற்றாமல் நின்றாலும் அவன் இந்தக் கதையைத் தொடங்கிவிடுவான். மெக்கானிக்காலேயே கண்டுபிடிக்க ஏலாததை எங்கட அக்கா ஒரு துளியை நக்கிப் பார்த்துக் கண்டுபிடித்தவ என்பான். கண்டுபிடித்த அந்த நிமிடமே படியிறங்கி வந்து சொன்னவ என்பான். மெக்கானிக்கும் சிலவேளை டீசல் போத்தல் ஒன்றைக் கொண்டுவந்து மதிலுக்கு அங்கால் நின்று, "அக்கா, உதை ஒருக்கா நக்கிச் சொல்லுங்கோ" என்று பகிடி விடுவான். எல்லாரும் சிரிப்பார்கள். நான் உள்ளே போய்விடுவேன். வெட்கம் என்று நினைக்கிறார்கள்.

கடலில் இருந்து குறுகுறு என்ற அந்தச் சத்தம் வந்தால் எனக்கு இருப்புக்கொள்ளாது. கையில் இருப்பதை வைத்துவிட்டுப் வாசல் படலை வரை போவேன், இஞ்சின் பற்றிக்கொள்ளும்வரை அங்கேயே நிற்பேன், பிறகுதான் திரும்ப அடுப்படிக்கு வருவேன். இவர் மதிலுக்கு இந்தப் பக்கம் இருந்து என்னைப் பார்ப்பார். ஒன்றும் கேட்க மாட்டார், தம்பியிடம் சொல்லவும் மாட்டார். சொல்ல வேண்டியது நான்.

எத்தனையோ நாள் தம்பிக்குச் சோறு போட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றிருக்கிறேன். குழம்பு வேணுமோ என்று கேட்டுவிட்டு வந்துவிடுவேன். எழுத்து எனக்குப் பேச்சை விடக் கொஞ்சம் லேசு, யாரும் வாயைப் பார்ப்பதில்லை. ஆகவே இதில் எழுதுகிறேன், அவன் வாசிக்கட்டும். 'இப்பதான்' எண்டு சொன்னது பொய், தம்பி. உனக்குத் தேத்தண்ணி ஊற்றும்போதே எனக்குத் தெரியும்.